கண்டியா, ஹம்பியா, அங்கோரா: சீட்டுப் பணத்தில் ஓர் உலக மரபு

சீட்டுப் பணம் மூன்று லட்சம் கைக்கு வந்த அன்று வீட்டில் ஆறு பேருக்கும் ஆறு ஊர் தோன்றியது. மாப்பிள்ளை பெரு நாட்டின் மச்சு பிச்சு என்றார். மகள் கம்போடியாவின் அங்கோர்வாட் என்றாள். மனைவிக்குக் கர்நாடகத்தின் ஹம்பி. பேரனுக்குப் பதினொரு வயது, அவனுக்குப் பிரமிடு. மூட்டு வலிக்கார அக்கா, "படி இல்லாத ஊராகப் பார் தம்பி" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன். எல்லோரும் பேசி முடித்த பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டேன்.

ஆறு பேரும் ஒத்துப்போன விஷயம் ஒன்றுதான்: போகிற இடம் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இருக்க வேண்டும். இந்த முத்திரையைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. 1972-இல் உடன்படிக்கை, 1978-இல் முதல் 12 இடங்கள், 2025 ஜூலை நிலவரப்படி 1,248 இடங்கள். அதில் இந்தியாவில் 44. பலர் இதைத் தேர்வு முடிவுப் பட்டியல்போல நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது பாஸ், வெளியே இருப்பது ஃபெயில் என்று. அது ஒரு காவல் ஒப்பந்தம், அவ்வளவுதான். காவலில் தவறினால் பெயரை அடித்துவிடுகிறார்கள். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டியதற்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் பள்ளத்தாக்கை 2009-இல் நீக்கினார்கள். துறைமுகப் பகுதியில் புதுக் கட்டடங்களை அனுமதித்த லிவர்பூலை 2021-இல் நீக்கினார்கள். நம் வேலூர்க் கோட்டை பட்டியலில் இல்லை. அதனால் அகழித் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் குறைந்துவிடவில்லை.

பெருவையும் எகிப்தையும் சீக்கிரமே அடித்துவிட்டேன். மச்சு பிச்சு 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே போகத் தங்கும் ஊரான குஸ்கோ அதைவிட உயரம், ஏறக்குறைய 3,400 மீட்டர். மூச்சு வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும். ஆறு பேருக்கு விமான டிக்கெட் எடுத்தாலே சீட்டுப் பணம் தீர்ந்து, இன்னொரு சீட்டு கட்ட வேண்டும். "மாமா, வாழ்க்கையில் ஒரு முறைதானே" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு முறையை அவர் சம்பாத்தியத்தில் போகும்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவர் மாமியார் பதில் சொல்லிவிட்டதால் நான் தலையிடவில்லை. பிரமிடுக்கு மே மாதத்தில் போவது, வேலூர் வெயிலுக்குப் பயந்து ஓடிப் பாலைவனத்தில் விழுவது. பேரனுக்குப் பள்ளி விடுமுறை மே மாதம்தான். இந்த மே மாதம் பின்னால் மறுபடியும் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் மூன்று: ஹம்பி, அங்கோர், பின்னால் நான் சேர்த்த இலங்கை. அவற்றை எடைபோடும் முன் ஒரு வெள்ளோட்டம் பார்த்தோம். அதைச் சொல்லாமல் முடிவுக்கு வர முடியாது.

2025 ஜூலையில் மராத்தியர் ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகள் சேர்ந்து பட்டியலில் ஏறின. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. வேலூரிலிருந்து கண்ணமங்கலம், ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். காலையில் இட்லி கட்டிக்கொண்டு கிளம்பினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு. 1677-இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார்; நம் வேலூர்க் கோட்டை அவர் படைக்கு அவ்வளவு எளிதில் மசியவில்லை, ஓராண்டுக்கு மேல் முற்றுகையில் நின்று 1678-இல்தான் விழுந்தது. 1714-இல் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜாவை எதிர்த்துப் படையெடுத்தவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான். தெருக்கூத்தில் அழுதுகொண்டே பார்த்த அந்தக் கதையில் எதிராளி நம் பக்கத்து ஆள் என்பது எனக்குச் சின்ன வயதில் யாரும் சொல்லாத விஷயம்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். ராஜகிரி ஏறக்குறைய 800 அடி. மாப்பிள்ளையும் பேரனும் உச்சிக்கு அருகே உள்ள பிளவின் மேல் போட்ட பாலத்தைத் தாண்டி மேலே போய்விட்டார்கள். மகளும் மனைவியும் பாதியில் நின்றார்கள். அக்கா கீழே கல்யாண மஹாலைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடந்தார். களஞ்சியத்தைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார், முகம் வாடவில்லை. ஆனால் முதல் இருபது படியில் கால் நின்றுவிட்டது. நோட்டில் எழுதிக்கொண்டேன்: சமதளம் இரண்டு மணி நேரம், படி இருபது. எந்தப் பயண நிறுவனமும் தராத தகவல் இது. வெளிநாடு போக நினைக்கும் குடும்பம் எதுவானாலும் முதலில் ஒரு நாள் செஞ்சிக்கோ மகாபலிபுரத்துக்கோ போய் வீட்டுப் பெரியவர்களின் கால் கணக்கை எடுத்துக்கொள்வது நல்லது.

இனி ஹம்பி. பணக் கணக்கில் இதற்கு எதிரே எதுவும் நிற்காது. காட்பாடியிலிருந்து பெங்களூரு, அங்கிருந்து இரவு ரயில் ஹம்பி எக்ஸ்பிரஸ், விடிந்தால் ஹொசப்பேட்டை. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு தலைக்கு 40 ரூபாய். எங்கள் ஐந்து பெரியவர்களுக்கு 200 ரூபாய், பையனுக்கு இலவசம். ஐம்பது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் உள்ள கல் ரதத்தை அந்த நோட்டைக் கையில் பிடித்துக்கொண்டே பார்க்கலாம்.

நான் பல வருடங்களுக்கு முன் ஒரு முறை போயிருக்கிறேன். ஹொசப்பேட்டையில் ஒரு விடுதி, முன்பணம் வாங்கிய அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு என்னை மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்தது. அதை விடுங்கள். விட்டலர் கோயில் தூண்களைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டது வியப்பு அல்ல, பரிச்சயம். முன்னங்கால் தூக்கிய குதிரைகள், யாளிகள், அவற்றின் மேல் வீரர்கள்: இதையெல்லாம் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்தில் பள்ளிக்கூடப் பருவத்திலேயே தடவிப் பார்த்தாயிற்று. காரணமும் இருக்கிறது. 1565-இல் தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு விஜயநகரத்தின் மிச்சம் பெனுகொண்டா, சந்திரகிரி, வேலூர் என்று தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது. ஹம்பியில் தொடங்கியது இங்கே வந்துதான் தேய்ந்தது. பாறைகளும் அப்படியே. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்த உருண்டைக் கற்களைப் பார்த்து வெளிநாட்டுக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். வேலூர்க்காரனுக்கு அது வீட்டுக் கொல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விட்டலர் கோயிலில் சாமி இல்லை. நம் ஊரைக் கேலி செய்பவர்கள் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை என்று. அந்தக் கேலியில் கோயில் பாதி 1981-இல் காலாவதி ஆனது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து கோட்டைக்குள் வைத்த பிறகு தினமும் மணி அடிக்கிறது. பழமையைக் காப்பது என்றால் பூட்டி வைப்பதா, விளக்கேற்றி வைப்பதா என்ற சண்டை ஹம்பியில் உங்கள் கண் முன்னால் நடக்கும். விட்டலர் கோயில் துடைத்து வைத்த பாத்திரம்போல இருக்கும். விருபாட்சர் கோயிலில் கற்பூரப் புகையும் கூட்டமும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. துங்கபத்திரையில் பரிசலும் உண்டு. இடங்கள் 41 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடந்தாலும் பெரும்பாலும் சமதளம். விட்டலர் கோயிலுக்குப் போக பேட்டரி வண்டி ஓடுகிறது. அக்காவின் கணக்குக்கு ஒத்து வருகிறது.

ஒத்து வராதது மே மாதம். நிழல் இல்லாத பாறைக் காட்டில் 40 டிகிரி. அக்னி நட்சத்திரத்துக்கு வேலூரை விட்டு ஹம்பிக்குப் போவது, அடுப்பிலிருந்து எடுத்து இன்னொரு அடுப்பில் வைப்பது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் வேறு பேச்சே வேண்டாம், ஹம்பிக்குப் போங்கள் என்பேன்.

அங்கோர் விஷயத்தில் நான் நியாயமாக இருக்க முயல்கிறேன், ஏனென்றால் தோற்றது அதுதான். மூன்றிலும் பெரியது, மூன்றிலும் அழகானது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். அங்கோர்வாட் கோயில் 12-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இரண்டாம் சூரியவர்மன் திருமாலுக்குக் கட்டியது. பிறகு பௌத்தக் கோயிலாகி இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. சுற்றிலும் 190 மீட்டர் அகல அகழி. நம் கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அகழி என்றால் எதிரியைத் தடுக்க, முதலை விட. அங்கோரில் அதற்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: நிலத்தடி நீரை ஒரே மட்டத்தில் வைத்து, கோயிலைத் தாங்கும் மணல் அடித்தளம் இளகாமல் காக்கிறது. தண்ணீர் வற்றினால் கோபுரம் சாயும். பாலாறு வறண்டதைப் பார்த்த ஊர்க்காரனுக்கு இது உறைக்க வேண்டிய செய்தி.

உள்ளே பாற்கடல் கடையும் சிற்ப வரிசை ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். குருட்சேத்திரம், இலங்கைப் போர், எல்லாம் சுவரில். கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு வழிகாட்டியே தேவையில்லை. மரவேர்கள் பிடித்து நசுக்கும் தா புரோம் கோயிலைச் சீரமைக்க நம் தொல்லியல் துறையே போய் வேலை செய்திருக்கிறது. ஆனால் என்னை அசைத்தது இவை எதுவும் அல்ல. பந்தேய் ஸ்ரேய் என்ற சின்னச் சிவன் கோயில், கி.பி. 967-இல் எழுந்தது, இளஞ்சிவப்புக் கல்லில் சந்தனத்தில் செதுக்கியதுபோல இருக்கும். அங்கே ஆடும் சிவனுக்கு அருகே எலும்பும் தோலுமாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அம்மையார் நடனம் கண்ட திருவாலங்காடு எங்கே இருக்கிறது? அரக்கோணம் தாண்டி, சென்னை ரயில் பாதையில். 1911-இல் சித்தூர் ஜில்லாவைப் பிரிக்கும் வரை திருத்தணிப் பக்கம் முழுவதும் வட ஆற்காடுதான். நம் ஜில்லாவின் பேய் மகள் கம்போடியா வரைக்கும் போய் உட்கார்ந்திருக்கிறாள். நான் காட்பாடியில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கிறேன். இதைப் படித்த இரவு அங்கோர் பக்கம் சாய்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

காலையில் நோட்டைத் திறந்தேன். மூன்று நாள் நுழைவுச் சீட்டு தலைக்கு 62 டாலர். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இலவசம் என்பதால் பேரன் தப்பித்தான். ஐந்து பேருக்கு 310 டாலர், இருபத்தாறாயிரம் ரூபாய்க்கு மேல். ஹம்பியின் 200 ரூபாய்க்கு எதிரே இதை எழுதியபோது பேனா கொஞ்சம் தயங்கியது. ஒரு நாள் சீட்டு 37 டாலர்தான், ஆனால் அங்கோரை ஒரு நாளில் பார்ப்பது கல்யாண வீட்டுக்குப் போய்க் கை கழுவிவிட்டு வருவது. விமானம் நடுவில் ஓர் ஊரில் மாற வேண்டும். அங்கோர்வாட்டின் நடுக் கோபுரத்துக்கு ஏறும் படிகள் ஏணிக்குச் சமம். தோளும் முழங்காலும் மூடிய உடை இல்லாவிட்டால் ஏறவே விடமாட்டார்கள். அக்கா புடவையில் போவார், உடைப் பிரச்சினை இல்லை, ஏறுவதுதான் பிரச்சினை. மே மாதம் அங்கே புழுக்கமும் மழையின் தொடக்கமும். போதாக்குறைக்கு 2025-இல் தாய்லாந்து எல்லையில் சண்டை வெடித்தது. கோயில் நகரம் எல்லையில் இல்லைதான். ஆனாலும் செய்தியைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் போட வேண்டிய நிலை. இளம் தம்பதிகள், டிசம்பர் மாதம், ஒரு வாரம் கையில் இருக்கிறது என்றால் அங்கோரைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். நாங்கள் அந்த வகை இல்லை.

இலங்கையை யாரும் முதலில் கேட்கவில்லை; அதை நோட்டில் சேர்த்தவன் நான். காரணம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. முத்துமண்டபம் என்றால் வேலூரில் ஆட்டோக்காரருக்குத் தெரியும். எத்தனை பேர் உள்ளே போயிருக்கிறார்கள் என்பது வேறு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அது. பிறந்தபோது பெயர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி. 1798-இல் அரியணை, 1815-இல் ஆங்கிலேயரிடம் சிறை, 1816-இல் வேலூர்க் கோட்டை. கோட்டைக்குள் கண்டி மஹால் என்று சொல்லும் கட்டடம் அந்தக் குடும்பத்தின் பெயரில்தான் நிற்கிறது. திப்புவின் பிள்ளைகள் சிறையிருந்ததும், 1806-இல் சிப்பாய்கள் எழுந்ததும் அதே மதிலுக்குள். 1832 ஜனவரி 30-இல் கண்டி அரசன் இங்கேயே இறந்தான். ராஜா இல்லாத கோட்டை என்று கேலி பேசுபவர்களுக்குச் சொல்ல வேண்டும்: ராஜா இருந்தார், கைதியாக.

அவன் நல்லவன் என்று சொல்ல வரவில்லை. சிங்கள வரலாற்றில் அவன் கொடுமைக்காரன். தன்னை எதிர்த்த அமைச்சர் எஹலபொலவின் குடும்பத்துக்கு அவன் செய்தது மன்னிக்க முடியாதது. ஆனால் இன்று கண்டிக்குப் போகிறவர்கள் படம் எடுக்கும் ஏரி அவன் வெட்டியது, 1807-இல் தொடங்கிய வேலை. புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் முகப்பில் உள்ள எண்கோண மண்டபமும் அவன் காலத்தது. தேவேந்திர மூலாசாரி கட்டியது. அவன் அரியணையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்; 1934-இல் திரும்பியது, கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரியணை வீடு திரும்பியது, ஆள் பாலாற்றங்கரையிலேயே இருக்கிறான். கண்டி 1988-இல் பட்டியலில் ஏறியது. அந்த நகரத்தை உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனும் பார்க்க முடியாத கோணத்தில் வேலூர்க்காரன் பார்க்கலாம்: கதையின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு முதல் அத்தியாயத்துக்குப் போவது.

கண்டி மட்டுமானால் ஒரு நாளில் முடிந்துவிடும். அந்தத் தீவின் சௌகரியம், ஒரே வேனில் ஐந்து மரபிடங்களைத் தொடலாம் என்பது: கண்டி, தம்புள்ளை, சிகிரியா, பொலன்னறுவை, இன்னும் ஒரு நாள் இருந்தால் அனுராதபுரம். பொலன்னறுவை எனக்குக் கண்டிக்குச் சமம். சோழர்கள் அதை ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்டார்கள். அங்கே இரண்டாம் சிவாலயம் என்று எண் போட்டு வைத்திருக்கும் கற்கோயில், வானவன்மாதேவி என்ற சோழ அரசியின் பெயரால் எழுந்தது. தஞ்சாவூர் பாணி விமானம், ஈழத்துக் காட்டின் நடுவே, சின்னதாக. வேளைக்காரர் என்ற படையினர் பெயரில் ஒரு தமிழ்க் கல்வெட்டும் அந்த நகரத்தில் நிற்கிறது. கல் விகாரையில் படுத்திருக்கும் புத்தர் 14 மீட்டர் நீளம். இவ்வளவும் சமதளம், மர நிழல். பையன் வாடகை சைக்கிளில் சுற்றலாம், அக்கா வேனில் இடத்துக்கு இடம் இறங்கலாம்.

சிகிரியா வேறு கதை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் பாறை உச்சியில் அரண்மனை கட்டினான். ஏறக்குறைய 1,200 படிகள். செஞ்சி கணக்கு இங்கே கைகொடுக்கிறது: மாப்பிள்ளையும் பேரனும் மேலே, மகளும் மனைவியும் பாறையில் உள்ள ஓவியங்கள் வரை முயன்று பார்க்கலாம், அக்கா கீழே நீர்த்தோட்டத்தில். தம்புள்ளைக் குகைகளுக்கும் படி உண்டு, சில நூறு. அதை அக்காவே போய்ப் பார்த்து முடிவு செய்துகொள்ளட்டும்.

செலவைப் பொறுத்தவரை ஹம்பிக்கும் அங்கோருக்கும் நடுவில் நிற்கிறது. சென்னையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வேலூரிலிருந்து மீனம்பாக்கம் போகத்தான் அதைவிட அதிக நேரம் ஆகும். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு டாலரில், ஆனால் சார்க் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்குச் சலுகை உண்டு; பாஸ்போர்ட்டை விடுதியில் வைத்துவிட்டு வந்தால் சலுகை போயிற்று. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, புறப்படும் வாரத்தில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். மே மாதத் தொடக்கத்தில் கண்டியில் மழை பெய்யலாம். 500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் நம் ஊர் வெயிலை மறக்கலாம். பொலன்னறுவையில் வெயில் உண்டு, காலை ஏழு மணிக்கே போய்விட வேண்டும். தலதா மாளிகையின் திருவிழா ஊர்வலமான எசல பெரஹர ஜூலை, ஆகஸ்ட் வாக்கில். அது எங்கள் விடுமுறைக்கு அகப்படவில்லை, அது ஒன்றுதான் குறை.

சாப்பாட்டைப் பற்றி அக்கா கேட்டார். சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் குழம்பு என்றேன். இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காய் கிடைக்காது என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஆக, நோட்டின் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது. இந்த மே மாதம் இலங்கை, ஐந்து இரவு: கண்டியில் இரண்டு, சிகிரியா பக்கம் இரண்டு, கொழும்பில் ஒன்று. ஹம்பி மனைவிக்குப் பாக்கி, அடுத்த பொங்கல் விடுமுறைக்கு. அங்கோரை மகள் பெயரில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன். அடுத்த சீட்டு அதற்குத்தான். பெரு பக்கத்தில் மாப்பிள்ளை தானே ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

போன ஞாயிறு எல்லோருமாக முத்துமண்டபம் போய் வந்தோம். பேரன் கல்வெட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இந்த ராஜா வீட்டையா தாத்தா நாம் பார்க்கப் போகிறோம் என்று கேட்டான். இனி அவனிடம் பிரமிடு பேச்சு வராது என்று நினைக்கிறேன். சிகிரியாவில் அக்காவோடு கீழே யார் இருப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நான்தான் என்று மற்ற ஐந்து பேரும் பேசி வைத்திருப்பதாகக் கேள்வி.